தொட்டியோடு வந்த திராட்சைக் குலை: அனிமோனா, பவளமா?

புதுக்கடல் (செங்காங், சிங்கப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். பத்து ஆண்டுகளாகக் கப்பி, ஏஞ்சல் என்று நன்னீர் மீன்கள் வளர்த்தவன். உப்புத் தண்ணீருக்குப் புதியவன். வேலை முடிந்து ஊர் திரும்பும் ஒருவரிடமிருந்து மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பாறை, மீன் எல்லாவற்றோடும் சென்ற வாரம் வாங்கினேன்.

அதில் கைப்பிடி அளவில் ஒன்று இருக்கிறது. வெள்ளையில் லேசாகப் பச்சை கலந்த நிறம். பச்சைத் திராட்சைக் குலை ஒன்றை மணலில் கவிழ்த்து வைத்தது போன்ற தோற்றம். "அனிமோன், அதாவது கடல்சாமந்தி; கோமாளி மீன் அதில் குடியிருக்கும்" என்று விற்றவர் சொன்னார். என்னிடம் இரண்டு கோமாளி மீன்கள் இருக்கின்றன. இரண்டும் அதன் பக்கமே போவதில்லை. நல்ல வெளிச்சம் கிடைக்கட்டும் என்று உச்சிப் பாறையில் எடுத்து வைத்தேன். மூன்றாம் நாளிலிருந்து குமிழ்கள் வற்றிப்போய், நடுவில் வெள்ளை வெள்ளையாகத் தகடுகள் தெரிகின்றன. "பல்செட்டைத் தண்ணீரில் போட்டது மாதிரி இருக்கிறது" என்கிறாள் மனைவி.

இது என்ன? செத்துக்கொண்டிருக்கிறதா?

நண்டுக்கால் (கிள்ளான்)

குமிழ்முனை அனிமோன். சந்தேகமே வேண்டாம், என்னிடம் இரண்டு இருக்கின்றன. இடம் பிடிக்கவில்லை என்றால் சுருங்கும், பிறகு தானாக நடந்துபோய் வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பம்பின் வாயை மட்டும் பஞ்சு போட்டு மூடிவையுங்கள். உள்ளே போய்ச் சிக்கினால் தொட்டி முழுக்க நாசம்.

ஈப்போ மணி

அண்ணா, ஒருவேளை குமிழ்ப் பாசியாக இருக்குமோ? கரும்பச்சை நிறத்தில், கண்ணாடிக் கோலி போலப் பளபளப்பாக, தொட்டால் கெட்டியாக இருக்கும். நசுக்கிவிடாதீர்கள், உள்ளே இருப்பதெல்லாம் சிதறித் தொட்டி முழுவதும் முளைக்கும்.

உவர்நீர் (புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர்)

புதுக்கடல் தம்பி, உங்கள் மனைவி சொன்னதில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அனிமோனுக்கு எலும்பு கிடையாது, பாசிக்கும் கிடையாது. பல்செட் எங்கிருந்து வந்தது?

இன்று ராத்திரி இரண்டு வேலைகள் செய்யுங்கள். தொட்டியின் விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொண்டு பாருங்கள். வெள்ளை வெளிச்சம் அடித்தால் உள்ளிழுத்துக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. அடுத்து, அதன் அடிப்பாகத்தைக் கண்ணாடி வழியாகவே கவனியுங்கள். பாறையில் உறிஞ்சி ஒட்டிய சதைக் காலா, கூம்பு போன்ற கல்லா?

கையை மட்டும் உள்ளே விடவேண்டாம்.

புதுக்கடல்

ஐயா, இரவு பதினொன்றரைக்குப் பார்த்தேன். கொஞ்சம் பயந்தும் போனேன்.

திராட்சை எல்லாம் உலர்ந்த திராட்சையாகிவிட்டது. அவற்றின் இடுக்கிலிருந்து மெல்லிய, கண்ணாடி போன்ற உணர்கொம்புகள் நூறு வெளியே வந்திருக்கின்றன. பெரும்பாலானவை நகக்கண் நீளம். ஆனால் இரண்டு மட்டும் என் நடுவிரலைவிட நீளமாக, பக்கத்தில் இருக்கும் பச்சை நிறப் பவளத்தை நோக்கி நீண்டு ஆடிக்கொண்டிருந்தன. அந்தப் பவளத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வடு இருப்பதையும் அப்போதுதான் பார்த்தேன்.

அடியில் கல்தான். தலைகீழாக நிறுத்திய கூம்பு மாதிரி, கீழே ஒடுங்கி மேலே விரிகிறது.

உவர்நீர்

அப்படியென்றால் தீர்ந்தது. இது குமிழ்ப் பவளம். கடைகளில் பபுள் கோரல் என்பார்கள். அறிவியல் பெயர் பிளெரோகைரா சினுவோசா. அமெரிக்கரான ஜேம்ஸ் டேனா 1846இல் விவரித்தது. கல் பவளத்தில் சேர்ந்தது. செங்கடலிலிருந்து இந்தோனேசியாவைத் தாண்டிப் பசிபிக் வரை இருக்கிறது.

இதில் பலரும் குழம்புவதற்குக் காரணம், பகலில் ஒரு வேஷம், இரவில் ஒரு வேஷம் என்று வாழ்வதுதான். நீங்கள் பார்க்கும் குமிழ்களுக்குள் இருப்பது காற்று இல்லை, தண்ணீர். அந்தத் தோலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பகலில் குமிழை உப்பவைத்து, பரப்பை விரித்து, அந்தப் பாசிகளுக்கு வெயில் காட்டுகிறது; அவை சமைத்துக் கொடுப்பதில் இது பங்கு சாப்பிடுகிறது. இருட்டியதும் குமிழை வற்றவிட்டு, கொம்புகளை நீட்டி வேட்டைக்குப் புறப்படுகிறது. எனவே ராத்திரியில் சுருங்குவது நோயில்லை. விளக்கு எரியும்போதும் சுருங்கியே கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். உங்களுடையது இப்போது அந்த நிலையில் இருக்கிறது.

நீங்கள் பார்த்த இரண்டு நீளக் கொம்புகள் சண்டைக்கானவை. பக்கத்து வீட்டுக்காரன் தன் இடத்துக்குள் வராமல் இருக்கக் கொட்டி எரிப்பது. பச்சைப் பவளத்தின் வடு அதனால் வந்ததாகவே இருக்கும். சுற்றிலும் குறைந்தது 15 செ.மீ. காலியாக இருக்கவேண்டும்.

இதற்கு ஒரு பங்காளியும் உண்டு: ஃபைசோகைரா லிச்சென்ஸ்டைனி. முத்துக் குமிழ் என்று விற்பார்கள். அதில் குமிழ்கள் சிறியவை, நுனி கூர்ந்தோ பிளவுபட்டோ இருக்கும், நிறம் பெரும்பாலும் சாம்பல். கல்லைப் பார்த்தால் குழப்பமே வராது. அது ஒரே திரளாக, மேட்டின்மேல் குட்டையான பள்ளங்கள் ஆங்காங்கே தோண்டியது போல இருக்கும். உங்களுடையதில் மேடுகள் தனித்தனியாகப் பிரிந்து, நடுவே உயிரற்ற கல் தெரியும். இரண்டிலும் தகடுகள் வழுவழுப்பான விளிம்போடு நீட்டிக்கொண்டிருக்கும். கத்தி விளிம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நண்டுக்கால்

சரி, எலும்பு இருந்தால் அனிமோன் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். படம் போட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

கடலாடி (பினாங்கு)

தம்பி, இதை நான் தொட்டியில் வளர்த்ததில்லை, கடலில்தான் பார்த்திருக்கிறேன். பார்த்த இடங்களைச் சொன்னால் எங்கே வைப்பது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பவளத் திட்டின் உச்சியில், அலை அடிக்கும் இடத்தில் இதைத் தேடிப் பயனில்லை. சரிவில் இறங்கி, பாறை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தின் அடியில், கொஞ்சம் கலங்கலான அமைதியான தண்ணீரில் இருக்கும். வடக்குச் சுலாவெசியில் ஒரு முறை கண்ட குலை என் குடை அகலம். அருகில் போய்ப் பார்த்தால் குமிழ்களுக்கு நடுவே கண்ணாடி போன்ற குட்டி இறால் ஒன்று, கால்களில் ஊதாக் கோடுகளோடு, வீட்டு முற்றத்தில் உலாவுவது போல நடந்துகொண்டிருந்தது. விர் பிலிப்பினென்சிஸ் என்று பெயர். அந்த இறாலைப் படம் எடுப்பதற்கென்றே முக்குளிப்பவர்கள் ஒவ்வொரு குமிழ்ப் பவளமாக எட்டிப் பார்ப்பார்கள். படகுக்குத் திரும்பியதும் அன்றைக்குப் பார்த்த சுறாவைவிட அந்த அரை விரல் இறாலைப் பற்றித்தான் பேச்சு.

இன்னொன்று. குமிழ்மேல் பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக ஏதாவது இருக்கிறதா, பாருங்கள். அது நிறம் இல்லாமல் தட்டைப் புழுவாகவும் இருக்கலாம். அவை மெதுவாக நகரும்.

புதுக்கடல்

புள்ளிகள் இல்லை அக்கா. நான் வைத்த இடம் தவறு என்று புரிகிறது. உச்சிப் பாறை, நேர் மேலே விளக்கு, பக்கவாட்டில் அலை பம்பு. மூன்றும் தவறு. நாளை காலை எடுத்துக் கீழே வைத்துவிடுகிறேன்.

ஈப்போ மணி

அண்ணா, தயவுசெய்து நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒன்று இருந்தது. நன்றாக உப்பியிருந்த மதிய நேரத்தில், தண்ணீரிலிருந்து வெளியே தூக்கி வாளிக்கு மாற்றினேன். ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. தண்ணீருக்குள் குமிழ்களுக்குக் கனம் இல்லை. வெளியே வந்ததும் அத்தனை கனமும் ஒரே நேரத்தில் தொங்குகிறது, அடியில் கத்தி போன்ற தகடுகள். நான்கு இடத்தில் கிழிந்தது. அன்றைக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

நான்காம் நாள் கிழிந்த இடத்தில் பழுப்பாகக் கோழை போல ஒன்று படர்ந்தது. முதல் வேலையாக அதைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியே எடுத்திருக்க வேண்டும். நான் பம்பை அதன்மேல் திருப்பி "கழுவிவிடலாம்" என்று நினைத்தேன். கோழை தொட்டி முழுக்கப் பறந்தது. இரண்டு நாளில் குமிழ்ப் பவளம் வெறும் எலும்பு. அடுத்த வாரம் பக்கத்தில் இருந்த ஹேமர் பவளமும் போயிற்று. அந்த நாற்றம் வீட்டில் மூன்று நாள் இருந்தது, அம்மா பேசவே இல்லை.

உவர்நீர்

மணி சொன்னதை ஒரு முறைக்கு இருமுறை படியுங்கள். இந்தப் பவளம் தொட்டியில் சாவதற்கு விளக்கையும் உப்பையும் குறை சொல்வார்கள். நான் பார்த்த வரையில் பாதிக்கு மேல் உரிமையாளரின் கைதான் காரணம். நானும் ஒன்றை அப்படிக் கொன்றவன்தான்.

மாற்றுவதாக இருந்தால், விளக்கு எரிவதற்கு முன் விடிகாலையில் செய்யுங்கள், குமிழ்கள் வற்றியிருக்கும். மிச்சம் உப்பலாக இருந்தால் ஒரு சாண் தள்ளி உள்ளங்கையால் தண்ணீரை மெல்ல விசிறுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளும். கையுறை போடுங்கள், சிலருக்குத் தோல் தடிக்கும். கூம்பின் அடிக்கல்லை மட்டும் பிடித்து, தண்ணீருக்குள்ளேயே நகர்த்துங்கள். வேறு தொட்டிக்குப் போவதென்றால் டப்பாவைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அதற்குள் பவளத்தை வைத்து, தண்ணீரோடு சேர்த்துத் தூக்குங்கள்.

மணலில் கூம்பை ஊன்றி வைப்பது நல்லது. பாறைமேல் வைத்தால், உப்பும்போது குமிழ் பாறையில் உரசி உரசியே புண்ணாகும். சுற்றிலும் வெற்றிடம் விட்டு, பம்பின் நேர் ஓட்டம் படாமல். குமிழ்கள் சோம்பலாக அசைந்தால் போதும். ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் ஓட்டம் அதிகம்.

வைத்த பிறகு "இங்கே அழகாக இல்லை" என்று மறுநாள் இன்னோர் இடத்துக்கு மாற்றுவது கிடையாது. ஒரு மாதம் தொடாதீர்கள்.

நண்டுக்கால்

இதில் மட்டும் ஐயாவோடு ஒத்துப்போக முடியாது. என் கடைக்கார நண்பர் இதை விளக்குக்கு நேர் கீழே, பார் அளவு (பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) 200க்கு மேல் உள்ள இடத்தில் வைத்திருக்கிறார். பிரமாதமாக இருக்கிறது. நிழலில் வைத்தால் பாசிக்கு உணவு எங்கிருந்து வரும்?

உவர்நீர்

கடையில் எத்தனை நாள் இருக்கிறது, தம்பி? கடைக்கு வருவது இரண்டு வாரத்தில் விற்றுப்போகும். அதை வைத்து முடிவு சொல்ல முடியாது.

பழக்கினால் அதிக வெளிச்சத்தையும் தாங்கும் என்பது உண்மை. ஆனால் தாங்கும்போது குமிழ்களைச் சிறிதாக்கிக்கொள்ளும். வெயில் போதும் என்றால் எதற்குப் பெரிய குடை விரிக்கவேண்டும்? மங்கலான இடத்தில்தான் குமிழ் பெரிதாக உப்புகிறது. என்னுடையது மணலில், பார் மீட்டரில் 80 காட்டும் இடத்தில், ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறது. கடைசியாக அளந்தபோது குமிழ் ஒன்று இரண்டரை செ.மீ.

புதுக்கடல், மாற்றும் இடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறோம், தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. டெஸ்ட் கிட் இருக்கிறதா?

புதுக்கடல்

இன்று வாங்கினேன். இதோ: வெப்பம் 30.4 டிகிரி. உப்பு (அடர்த்தி) 1.023. கே.எச். (காரத்தன்மை) 6.1. கால்சியம் 390. நைட்ரேட் 25 இருக்கும், நிறத்தை வைத்துச் சரியாகச் சொல்ல முடியவில்லை. தொட்டியோடு தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வந்தது, ஆனால் மின்கட்டணத்துக்குப் பயந்து போடவில்லை. விடிகாலையில் பவளத்தை மணலுக்கு மாற்றிவிட்டேன். தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவில்லை.

உவர்நீர்

முதலில் சில்லர். நம் ஊர் அறையில் தொட்டி தன்னால் 30ஐத் தொடும், அதுவே பல பவளங்களுக்கு எல்லைக்கோடு. அதற்குமேல் போனால் உள்ளிருக்கும் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும். ஒரே இரவில் 26க்கு இறக்காதீர்கள். நாளுக்கு ஒரு டிகிரி. கட்டணத்துக்கு ஒரு வழி: தொட்டி மேல்மூடியைத் திறந்து சிறு விசிறி வைத்தால் ஒன்றிரண்டு டிகிரி குறையும், சில்லர் அடிக்கடி ஓடாது. தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் தினமும் நிரப்பவேண்டும்.

கே.எச். 6.1 குறைவு. எலும்பு கட்டுவதற்கான சரக்கு அதுதான். 8க்கும் 9க்கும் நடுவில் கொண்டுவாருங்கள், ஆனால் ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் ஏற்றவேண்டாம். கால்சியம் 400ஐத் தாண்டினால் நல்லது; அவசரம் இல்லை. உப்பை வாராந்திர நீர்மாற்றத்தில் சிறிது சிறிதாக 1.025க்கு உயர்த்துங்கள். நைட்ரேட் 25 என்பதைப் பார்த்துப் பதறவேண்டாம். இது பளிங்கு மாதிரித் தண்ணீர் கேட்கும் இனம் இல்லை, சுழியமாக்கினால்தான் வாடும். நீர்மாற்றத்திலேயே 10 பக்கம் வந்துவிடும்.

ஈப்போ மணி

உணவு? எங்கள் குழுவில் பாதிப்பேர் "போடவே வேண்டாம், வெளிச்சம் போதும்" என்கிறார்கள்.

உவர்நீர்

போடாமலும் வாழும். போட்டால் வளரும். வாரத்துக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரு முறை, இரவில் கொம்புகள் வெளிவந்த பிறகு, கரைத்த மைசிஸ் இறாலைப் பீச்சுக் குழாயில் எடுத்து நாலைந்து துண்டு கொம்பின்மேல் மெதுவாக விடுங்கள். பெரிய இறால் துண்டாகத் திணித்தால் விழுங்கிவிட்டு, விடிவதற்குள் அழுகலாகக் கக்கும். அந்த அழுகல்தான் மணி சொன்ன கோழைக்கு அழைப்பு.

கொடுக்கும்போது பம்பை நிறுத்துங்கள். துப்புரவு இறால் இருந்தால் பவளத்தின் வாயிலிருந்தே பிடுங்கும். முதலில் அதற்கு வேறு பக்கம் எதையாவது போட்டுக் கவனத்தைத் திருப்பிவிடுங்கள். என் வீட்டில் அந்த இறால் நான் குழாயை எடுத்த உடனே வரிசையில் நிற்கிறது.

வேளச்சேரி வாசன் (சென்னை)

இழையைப் படித்ததும் ஆசை வந்துவிட்டது. சென்னையில் இது எங்கே கிடைக்கும்? ஒருவர் "இந்தோனேசியச் சரக்கு, உள்ளூர்க் கடல் இல்லை, பிரச்சினை வராது" என்று விலை சொல்கிறார்.

கடலாடி

வாசன், வாங்காதீர்கள். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இருக்கிறதே, அதன் முதல் அட்டவணையில் 2001இல் கல் பவளங்கள் அனைத்தையும் சேர்த்தார்கள். புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. 2022 திருத்தத்துக்குப் பிறகும் அதில்தான் இருக்கின்றன. மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. "இந்தோனேசியச் சரக்கு" என்று விற்பவர் சொல்வது உங்கள் வரவேற்பறையில் வைத்த தொட்டிக்குப் பாதுகாப்பாகாது. பட்டியலில் இருப்பது பவள இனம், அது எந்தக் கடலில் பிறந்தது என்று அதில் எழுதவில்லை.

வேளச்சேரி வாசன்

வீட்டில் வளர்ப்பதற்கும் கடலில் வெட்டுவதற்கும் வித்தியாசம் இல்லையா, அக்கா? நான் ஒன்றும் படகு எடுத்துக்கொண்டு போகவில்லையே.

கடலாடி

கோபம் புரிகிறது. ஆனால் அந்தச் சட்டம் வந்த கதை உங்கள் கரையிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டினார்கள். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள் போய்விட்டன. 1986இல் அந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆனது. வெட்டு அதற்குப் பிறகும் உடனே நிற்கவில்லை. சந்தையில் விலை இருக்கும் வரை ஒரு துண்டு எந்தக் கடலிலிருந்து வந்தது என்று சோதனைச் சாவடியில் இருப்பவரால் பார்த்துச் சொல்ல முடியுமா?

கோமாளி மீன், கடலிலிருந்து எடுத்த உயிர்ப் பாறைக்குப் பதில் சுட்ட பீங்கான் பாறை என்று மீன் மட்டும் உள்ள தொட்டி வையுங்கள். அதிலும் ஐந்து வருடத்துக்கு வேலை இருக்கிறது.

வேளச்சேரி வாசன்

சரி. மீன் தொட்டிதான். அந்த ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜொகூர் சேகர்

புதுக்கடல், என்னிடம் பச்சை நிறக் குமிழ்ப் பவளம் பெரியதாக வளர்ந்திருக்கிறது. பாதி தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டி வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வேண்டாம்.

உவர்நீர்

சேகர், உங்கள் மனசு பெரிது, ஆனால் காரில் ஒரு டப்பாவில் வைத்து எல்லை தாண்டக்கூடாது. கல் பவளங்கள் எல்லாம், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருக்கின்றன. இந்தப் பக்கம் இறக்குமதிக்கும் அந்தப் பக்கம் ஏற்றுமதிக்கும் தாள் வேண்டும். இலவசம் என்பதால் விலக்கு இல்லை.

இன்னொன்று, "பாதி" என்றால் எப்படி? இதை ஹேமர் மாதிரிக் கிளையில் ஒடிக்க முடியாது. ரம்பத்தால் அறுத்தால் சதையையும் சேர்த்துத்தான் அறுக்க வேண்டும். அறுத்த இரண்டு பக்கமும் பிழைப்பது அபூர்வம். நன்றாக இருப்பதை ஏன் சோதிக்கிறீர்கள்?

ஜொகூர் சேகர்

அறுக்கவில்லை ஐயா. நல்லவேளை கேட்டேன்.

புதுக்கடல்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

சில்லர் 26இல் ஓடுகிறது. கே.எச். 8.2. நைட்ரேட் 10. முதல் எட்டு நாள் எந்த மாற்றமும் இல்லை, தினமும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையை உள்ளே விடாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் கையுறையே போட்டுவிட்டேன், மனைவி பிடுங்கி வைத்துவிட்டாள். ஒன்பதாம் நாள் மதியம் ஓரத்தில் மூன்று குமிழ்கள் மட்டும் உப்பின. இப்போது முழுக் குலையும் விரிகிறது, தகடு ஒன்றுகூடத் தெரிவதில்லை. ஒரு மூலையில் மட்டும் சுண்டுவிரல் நகமளவு சதை இல்லாத இடம் இருக்கிறது. அது வளரவும் இல்லை, மூடவும் இல்லை. பச்சைப் பவளத்தை ஒன்றரைச் சாண் தள்ளி வைத்ததும் அதன் வடு ஆறிவிட்டது.

புதுச் செய்தி ஒன்று. நான்கு நாட்களாகப் பெரிய கோமாளி மீன் இதன் குமிழ்களுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. இதை விரட்டவேண்டுமா?

நண்டுக்கால்

பார்த்தீர்களா! விற்றவரும் நானும் சொன்னது பாதி சரி.

உவர்நீர்

மீன் குடியேறினால் பவளம் அனிமோன் ஆகிவிடாது, நண்டுக்கால்.

புதுக்கடல், அனிமோன் கிடைக்காத கோமாளி மீன் எதிலாவது போய் முட்டும். மதியம் விளக்கு உச்சத்தில் இருக்கும்போது குமிழ்களைப் பாருங்கள். மீன் புகுந்த பக்கம் மட்டும் வற்றிக் கிடந்தால் அங்கே கிழிபடுகிறது என்று பொருள். அப்போது மீனைத் தடுப்பு வைத்துப் பிரித்துவையுங்கள். முழுவதும் உப்பியே இருந்தால் விட்டுவிடுங்கள். சதை இல்லாத மூலையில் பச்சைப் பாசி படர்கிறதா என்று மட்டும் வாரம் ஒரு முறை கவனியுங்கள், வெளியிலிருந்தே.

புதுக்கடல்

இப்போது மணி இரண்டு. முழுவதும் உப்பியிருக்கிறது. மீன் உள்ளேதான் இருக்கிறது, வால் மட்டும் தெரிகிறது.